சட்டை கழற்றாத மாப்பிள்ளை

மருதுபாண்டி பைக்கிலிருந்து விழவே இல்லை என்பது அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று மருதுபாண்டி. இன்னொன்று அவனுடைய அக்கா காளீஸ்வரி.

மற்றவர்களுக்குச் சொல்லியிருந்த கதை வேறு. மதுரைக்குச் சிநேகிதனைப் பார்க்கப் போன இடத்தில் வண்டி சறுக்கிவிட்டது, நெஞ்சில் ஊமையடி, டாக்டர் பெல்ட் போட்டிருக்கிறார், அலுங்காமல் படுத்திருக்க வேண்டும். பெண் வீட்டுக்கும் இதே கதைதான். ஜோடித்தவள் காளீஸ்வரி. தம்பி கல்யாணத்துக்கு ஒத்தாசையாக இருக்கலாம் என்று மேலூரிலிருந்து காரைக்குடிக்குப் பிறந்த வீடு வந்தவள், வந்த வேலையை விட்டுவிட்டு இப்போது பொய்க்குக் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மருதுபாண்டியின் மார்பில் திரண்டிருந்த கொழுப்பை லைப்போசக்‌ஷன் செய்து உறிஞ்சி எடுத்திருந்தார்கள். பெண்பிள்ளை மாதிரி மார்பு என்று பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். அதை இங்கே எழுத எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெயருக்குப் பயந்தே அவன் ஊருணியில் இறங்கிக் குளித்ததில்லை, கபடி ஆடியதில்லை, வீட்டில்கூடச் சட்டையைக் கழற்றியதில்லை.

குலசாமி கருப்பர் கோயிலில்தான் அவனுக்குச் சோதனை. அந்த எல்லைக்குள் ஆம்பளைகள் மேல்சட்டையோடு நுழையக் கூடாது. அதனால் வருஷா வருஷம் திருவிழா அன்றைக்குப் பார்த்து அவனுக்குக் காய்ச்சல் வந்துவிடும். 'திருவிழாக் காய்ச்சல்' என்று அப்பா முத்துக்கருப்பன் கிண்டலடிப்பார். சாமிக்கு இவன் மேல் என்ன குறையோ என்று அம்மா பாண்டியம்மாள் உள்ளுக்குள் மருகுவாள்.

கல்யாணம் என்று வந்தால் காய்ச்சல் செல்லாது. முதல் பத்திரிகை கருப்பருக்கு, அதை மாப்பிள்ளைதான் வைக்க வேண்டும். வெற்றுடம்போடு, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும். பூசாரி கை நிறையத் திருநீறை அள்ளி மாப்பிள்ளை நெஞ்சில் பூசிவிடுவார். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மருதுபாண்டி ஆபரேஷனுக்கே துணிந்தான். பத்திரிகை வைப்பது தை மாசம் என்று பேச்சு. அதற்குள் வீக்கம் வடிந்துவிடும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

கெட்ட நேரம் ஒரு பெரியாத்தா ரூபத்தில் வந்தது. சிங்கம்புணரிப் பக்கம் சொந்த ஊரில், பங்காளி வீட்டுப் பெரியாத்தா ஒருத்தி இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடந்தாள். அவள் கண்ணை மூடினால் பங்காளிகளுக்குத் தீட்டு, கோயில் படி மிதிக்க முடியாது. தீட்டுக் கழிந்து பத்திரிகை வைப்பதற்குள் முகூர்த்தமே வந்து நின்றுவிடும். "ஆத்தா இருக்கையிலேயே வச்சிருவோம்" என்று முத்துக்கருப்பன் கார்த்திகை முடிவதற்குள் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்றைக்கு.

---

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே காளீஸ்வரி ஆபரேஷன் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட இறுக்கமான உடுப்பின் ஜிப்பை மெல்ல இறக்கினாள். பனியன் மாதிரி இருக்கும், ஆனால் உடும்பாகப் பிடிக்கும். குளிக்கும்போது தவிர வேறெப்போதும் கழற்றக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

நெஞ்சு முழுக்கக் கருநீலமாகக் கன்றிப் போயிருந்தது. ஓரங்களில் மட்டும் மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் தையல். வலது பக்கம் தேவலை. இடது பக்கம் நேற்றைக்கு இருந்ததைவிடப் புடைத்திருந்தது. விரலால் தொட்டால் உள்ளே தண்ணீர் அசைவது தெரிந்தது.

"வலிக்குதாடா?"

"நீ தொடுறதே தெரியலக்கா. மரத்துக் கெடக்கு."

"நீர் கோத்திருக்கும் போல. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஊசி வச்சு எடுத்துரலாமாம். தள்ளிப் போடாம வரச் சொல்றாக."

"எப்படிப் போறது? வாசல்ல கோயிலுக்குக் கார் நிக்குது."

காளீஸ்வரி ஜிப்பை மறுபடி ஏற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். சட்டைக்குள் கையை நுழைக்கக்கூட அவனால் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. குழந்தைக்குப் போடுவதுபோல அவள்தான் போட்டுவிட்டாள்.

"மருது, அப்பாகிட்ட சொல்லிருவோம்டா. வைவாரு. ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிருவாரு. அம்புட்டுத்தானே?"

"வைஞ்சாப் பரவாயில்லக்கா" என்றான் அவன். "சிரிச்சிட்டாருன்னா நான் எங்குட்டுப் போறது?"

அப்பா சிரிக்கக்கூடியவர்தான்.

"என் மருமக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்க. மறந்துராத" என்றான் மருதுபாண்டி. அவள் பெண்ணைத்தான் சொல்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தபோது காளீஸ்வரிக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது அதுதான் அவள் வாயைக் கட்டிப் போட்டது.

கதவு தட்டும் சத்தம். அம்மா கையில் ஆவி பறக்கும் கிண்ணத்தோடு நின்றாள்.

"ஊமையடிக்கு உப்பும் புளியும் கரைச்சுக் கொதிக்க வச்சுப் பத்துப் போட்டா வாங்கிரும். கொஞ்சம் தள்ளு, நான் போட்டு விடுறேன்."

"நான் போடுறேன்மா. குடு."

"எப்பப் பாரு நீயே போடுற. என் பிள்ளைய எனக்கே காட்ட மாட்டேங்கிற."

மரத்த தோலில் சூடு பட்டால் வெந்து கொப்பளிப்பதுகூட அவனுக்குத் தெரியாது, சூடே வைக்காதீர்கள் என்று நர்ஸ் சொன்னதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கிண்ணத்தை வாங்கிக் கதவைச் சாத்தினாள். அத்தனையையும் குளியலறையில் ஊற்றித் தண்ணீர் விட்டாள். காலையில் எழுந்ததும் எழாததுமாக அம்மா உட்கார்ந்து கோது எடுத்துக் கரைத்த புளி அது. காளீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது.

---

முற்றத்தில் முத்துக்கருப்பன் புறப்பட்டுத் தயாராக இருந்தார். புது வேட்டி, வெற்றுடம்பு, இடுப்பில் பட்டுத் துண்டு. தாம்பாளத்தில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, மேலே மஞ்சள் தடவிய பத்திரிகை. அழைத்துப் போவதற்காக ஊரிலிருந்து சோமு சித்தப்பா வந்திருந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஒரு வாய் காபி குடிப்பதற்குள் நாலு வீட்டு விவகாரத்தை இறக்கி வைத்துவிடுகிற மனுஷர்.

"மாப்பிள்ளைய வரச் சொல்லுத்தா" என்றார் அப்பா.

"அவனால முடியலப்பா. பெல்ட்டைக் கழட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"அரை மணி நேரம் கழட்டினா நெஞ்சு கழண்டு விழுந்துருமா? காயம் கெடந்தாக் கெடக்கட்டும். கருப்பருக்குத் தெரியாத காயமா?"

"நீங்களே வச்சிட்டு வாங்கப்பா."

"நான் வைக்கவா? கல்யாணம் எனக்கா அவனுக்கா?"

சோமு காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அண்ணே, ஒரு விசயம். சொல்லலாமா வேண்டாமான்னு இருந்துச்சு."

"சொல்லித் தொலை."

"நம்ம செம்மலை மதுரையில மெடிக்கல் ரெப்பா இருக்கான்ல, அவன் மருதுவை அங்க பார்த்திருக்கான். எலும்பு டாக்டர்கிட்ட இல்ல. தோல் ஆஸ்பத்திரியில. இந்த மூஞ்சி, முடி எல்லாம் அழகு பண்ணி விடுறாகளே, அங்க."

முத்துக்கருப்பன் எழுந்து வாசலுக்குப் போனார். தாழ்வாரத்தில் மருதுபாண்டியின் பைக் நின்றது. அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் திருகிப் பார்த்தார்.

பொய்க்குக் கை கால் கண் மூக்கெல்லாம் வைத்த காளீஸ்வரி, பைக்குக்கு ஒரு கீறல் வைக்க மறந்து போனாள்.

"ஒரு பொட்டுக் கீறல் இல்ல" என்றார் அப்பா திரும்பி வந்து. "நெஞ்சு அடிபட விழுந்தவன் வண்டி, கடையில இருந்து எடுத்தாப்புல நிக்குது."

"நான் என்ன நெனைக்கிறேன்னா," என்று சோமு குரலைத் தணித்தார், "பய நெஞ்சுல எவ பேரையோ பச்சை குத்தியிருக்கான். டாட்டூங்கிறாகளே, அது. கல்யாணம்னு ஆனதும் அழிக்க ஓடியிருக்கான். என் மச்சினன் மகனும் இப்படித்தான் லேசர் வச்சு அழிச்சான். தோலு வெந்து போய்ச் சட்டை போட முடியாமக் கெடந்தான். இவன் சட்டையைக் கழட்ட முடியாமக் கெடக்கான்."

"அப்படியெல்லாம் இல்ல சித்தப்பா."

"அப்ப எப்படி? நீதான கூட இருந்த. சொல்லு."

காளீஸ்வரி வாயைத் திறந்தாள். மகள் முகம் கண் முன்னால் வந்து நின்றது. மூடிக்கொண்டாள். அவள் வாயடைத்துப் போனதையே அவர்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

"பெறகு போவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். சோமு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவருடைய சம்சாரத்துக்குத் திருக்கோஷ்டியூரில் சொந்தம் உண்டு. பெண் வீடும் திருக்கோஷ்டியூர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை விழுவதற்குள் சேதி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

---

கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது காளீஸ்வரியின் போன் அடித்தது. யோகலட்சுமி.

மருதுபாண்டிக்கு நிச்சயித்த பெண். திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நிச்சயம் ஆன நாளிலிருந்து தினமும் பேசுவாள். எப்போது பேசினாலும் சிரிப்பு முன்னால் வரும். இன்றைக்கு வரவில்லை.

"சாப்பிட்டீகளா மதினி?"

"இனிமேத்தான். நீ?"

"இல்ல. யாரு பேரு மதினி?"

காளீஸ்வரி கையிலிருந்த ஈரத் துணியைக் கொடியிலேயே சுருட்டிப் போட்டுவிட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா அழுதுகிட்டு இருக்காக" என்றாள் யோகலட்சுமி. "அப்பா பொழுது சாயறதுக்குள்ள ஒரு பதில் சொல்லச் சொல்றாக. இல்லாட்டி இத்தோட நிப்பாட்டிக்கிருவோம்கிறாக. எனக்கு அதெல்லாம் பெருசில்ல மதினி. முன்னாடி அவுகளுக்கு யாரையாச்சும் புடிச்சிருந்தா அது முடிஞ்சு போனது. எங்கிட்ட மறைச்சாகளா இல்லையா, அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு அவுகதான் சொன்னாக, நமக்குள்ள மறைவு வேண்டாம்னு. நான் என் கண்ணாடி பவரைக்கூடச் சொல்லிட்டேன்."

"கருப்பர் சாட்சியாச் சொல்றேன் யோகா. அவன் நெஞ்சுல எந்தப் பேரும் இல்ல. மனசுல உன்னைத் தவிர ஒருத்தியும் இல்ல."

"அப்ப மதுரைக்கு எதுக்குப் போனாக?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"அப்ப யாரு சொல்றது?"

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது. கூடவே அம்மா, "வேண்டாங்க, விட்டுருங்க" என்று அழுகிற சத்தம். காளீஸ்வரி போனைக் கையில் பிடித்தபடியே உள்ளே ஓடினாள்.

---

மருதுபாண்டி தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அப்பா கட்டிலை ஒட்டி நின்றார். அவர் கை மகனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தது.

"கழட்டு."

"வேண்டாம்ப்பா."

"கழட்டுடா. நானும் பார்க்கிறேன்."

முதல் பொத்தான் தெறித்தது. இரண்டாவது பொத்தானும் கழன்று, கறுப்பு உடுப்பின் கழுத்து வெளியே தெரிந்தது. மருதுபாண்டியால் கையைத் தூக்கித் தடுக்க முடியவில்லை. முழங்கையை மட்டும் நெஞ்சோடு ஒடுக்கிக்கொண்டான். பள்ளிக்கூட வயசிலும் அவன் இப்படித்தான் கூனிக் குறுகி நிற்பான்.

"அப்பா, இழுக்காதீக. தையல் இருக்கு" என்று காளீஸ்வரி அவர் கையைப் பிடித்தாள்.

"தையலா? அப்ப ஆபரேசனு. அப்ப சோமு சொன்னது சரிதான்." அவர் மகனையே பார்த்தார். "யாரு பேருடா அது?"

மருதுபாண்டி அக்காவைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு பொண்ணு பேருப்பா" என்றான். "மெட்ராஸ்ல நான் இருந்தப்பக் கூட வேலை பார்த்தவ. இப்ப ஒண்ணும் இல்ல. அதான் அழிச்சுட்டேன்."

காளீஸ்வரி திகைத்துப் போய் நின்றாள்.

முத்துக்கருப்பன் காலரை விட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் அம்மாகூட நினைத்து நடுவில் வந்தாள்.

"அம்புட்டுத்தானா?" என்றார் அவர். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்டா."

"என்னங்க இப்படிச் சொல்றீக?" என்றாள் அம்மா.

"வேற என்ன சொல்ல? வயசுப் பய. ஆம்பளப் பிள்ளை செய்யிற தப்பைத்தான செஞ்சிருக்கான். அழிச்சும் தொலைச்சிட்டான்." அவர் மீசைக்குக் கீழே ஒரு சின்னச் சிரிப்பு வந்து போனது. காளீஸ்வரி அதைப் பார்த்தாள். அது கேலிச் சிரிப்பு இல்லை. கிட்டத்தட்டப் பெருமை. "பத்திரிகைய நானே வச்சிட்டு வாறேன். புண்ணு ஆறலைன்னு பூசாரிகிட்ட நான் சொல்லிக்கிறேன். பங்காளிக ஆளுக்கொண்ணு சொல்லிச் சிரிப்பாய்ங்க. சிரிச்சிட்டுப் போறாய்ங்க. கருப்பருகிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"பொண்ணு வீட்டுக்கு?" என்று கேட்டாள் அம்மா.

"பேசிக்கலாம். முடிஞ்சு போனதுக்கு யாரு என்ன செய்ய முடியும்?"

எழுந்தவர், போகிற போக்கில் மகன் தோளைத் தட்டிக்கொடுத்தார். மருதுபாண்டி வலியில் உதட்டைக் கடித்தான். அப்பா இதற்கு முன்னால் எப்போது அவன் தோளைத் தட்டினார் என்று காளீஸ்வரிக்கு ஞாபகமே வரவில்லை.

வெளியே அவர் தாம்பாளத்தைத் தூக்கிக்கொள்கிற சத்தமும், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போகிற சத்தமும் கேட்டன.

தம்பியை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது காளீஸ்வரிக்கு. கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போலிருந்தது.

"ஏன்டா இப்படிச் சொன்ன?"

"இது பரவாயில்லக்கா."

"எது பரவாயில்ல? இல்லாத ஒருத்திய உண்டாக்கிச் சொல்றதா?"

"இதை நாலு நாள்ல மறந்துருவாக. பள்ளிக்கூடத்துல வச்ச பேரை இன்னும் மறக்காம இருக்காய்ங்கக்கா. போன வருசம்கூட ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல வச்சுக் கூப்பிட்டான்." அவன் குரல் உடைந்தது. "அப்பா சிரிச்சாரு, பார்த்தியா? நல்லபடியாச் சிரிச்சாரு."

அவள் கன்னத்தைத் துடைத்துக்கொள்ளக் கையை உயர்த்தினாள். அப்போதுதான் கையிலிருந்த போன் கண்ணில் பட்டது. அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

காளீஸ்வரி மெல்லக் காதில் வைத்தாள். "யோகா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி."

மருதுபாண்டி அக்காவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். அவன் முகத்தில் ரத்தம் செத்துவிட்டது. கட் பண்ணு, கட் பண்ணு என்று கண்ணாலேயே கெஞ்சினான்.

"மதினி, இப்பத்தான கருப்பர் சாட்சியாச் சொன்னீக?" யோகலட்சுமியின் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க சொன்னதுதான் நெசம்னா, இல்லாத ஒருத்தியச் சொல்லி அவுக எதை மறைக்கிறாக?"

காளீஸ்வரி போனைக் காதிலிருந்து எடுத்தாள். கட்டிலில் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உனக்குச் செஞ்ச சத்தியம் என் மக தலை மேல இருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில். "நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா அவகிட்ட இனி ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். நீ பேசு."

"என்னால முடியாதுக்கா."

"அப்ப அதையாச்சும் நீயே சொல்லு."

அவன் கையை நீட்டினான். தோளுக்கு மேலே எழும்பவில்லை. காளீஸ்வரியே போனை அவன் காதோடு வைத்துப் பிடித்துக்கொண்டாள். வாசலில் கார் கிளம்பியது. கருப்பரிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க அப்பா போய்க்கொண்டிருந்தார்.

"நான் போனை வைக்கலைங்க" என்றாள் யோகலட்சுமி. பக்கத்தில் இருந்த காளீஸ்வரிக்கும் அது தெளிவாகக் கேட்டது. "அந்தப் பேரெல்லாம் எனக்கு வேண்டாம். நெசம் எதுவோ அதைச் சொல்லுங்க. லைன்லதான் இருக்கேன்."

மருதுபாண்டி திறந்து கிடந்த சட்டையை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டான். கண்ணை மூடினான்.

"யோகா," என்றான், "நான் பைக்ல இருந்து விழல."